ஆட்டத்துக்கு நாலு நிறம்

என் தங்கை என் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்ததே இல்லை. அவள் மேல் எனக்கிருந்த முதல் குறை அதுதான்.

அவள் எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயா. துரையின் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைப்பது அவள் வேலை. கல்யாணம் ஆகாதவள். நான் மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். என் வீட்டுக்காரர் செடிகளின் உச்சியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். எங்களுக்கு ஒரு பையன், ஒரு பெண். பையன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பெண் அவனைவிட இரண்டு வயது இளையவள். ஹட்டன் பக்கம், ரோட்டிலிருந்து மேலே ஏறி வந்தால் முதல் லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா. முன்னால் திண்ணை போல ஓர் இஸ்தோப்பு, அதன் மூலையில் அடுப்பு. அடுப்பு வெளியே, வீடு உள்ளே. இந்தக் கதைக்கு அது முக்கியம்.

விடியுமுன் நான் பெரட்டுக்கு ஓட வேண்டும். அங்கே கங்காணி முன்னால் வரிசையில் நின்றால்தான் வேலை. பிந்திப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. போகிற வழியில் பெண்ணைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டுப் போவேன். பையனை வாத்தியார் பார்த்துக்கொள்வார். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் கூடையோடு திரும்பும்போது இருட்டிவிடும். ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, சாப்பிட்டு முடித்து, குப்பி லாம்பைச் சுற்றி உட்கார்ந்தால், தூக்கம் வரும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கும். அந்தக் கொஞ்ச நேரந்தான் அவர்கள் என் பிள்ளைகள். மற்ற நேரமெல்லாம் மடுவத்து ஆயாவுக்கும் வாத்தியாருக்கும் சொந்தம். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் என் தங்கை எடுத்துக்கொண்டாள்.

லூடோப் பலகையோடு தொடங்கியது அது. துரை பிள்ளைகளுக்குப் புதுப் பலகை வந்துவிட்டதாம். பழசைத் துரைசாணி தூக்கிப் போடச் சொன்னாராம். இவள் லீவு கிடைத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சேலைத் துணியில் சுற்றி எடுத்துவந்தாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். நான் பிடித்துப் பார்த்தேன். மடிப்பில் கிழிசல். ஓரத்தில் ஜாம் கறை. மஞ்சளில் ஒரு காய் குறைந்தது. அதைச் சொன்னதும் என் பையன் தன் சட்டையிலிருந்தே ஒரு பொத்தானைப் பிடுங்கிக் காலி இடத்தில் வைத்தான். அந்தப் பொத்தானை மறுபடி தைக்க வேண்டியவள் நான்.

லூடோவில் நாலு நிறம். பையனுக்குச் சிவப்பு, பெண்ணுக்குப் பச்சை. என் வீட்டுக்காரரும் கவ்வாத்துக் கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மஞ்சள் தனக்கென்று சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நீலம் தங்கைக்கு. நான் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். உள்ளே கட்டை உருளுகிற சத்தம், பிறகு ஒரு கூச்சல், பிறகு நாலு பேர் சிரிப்பு. வீட்டில் நாங்கள் நாலு பேர், ஆட்டத்துக்கும் நாலு பேர். ஆனால் வந்தவளுக்கு நிறம் இருந்தது, வீட்டுக்காரிக்கு இல்லை. அன்றைக்கு ரொட்டி கருகியது.

"என்ன அக்கா, ரொட்டி தீயுதா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"தீயுதுடி" என்றேன்.

சரி, மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள், ஆடிவிட்டுப் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் பலகையை விரித்தார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, ஆசையாகத்தான், நீலத்துப் பக்கம் போய் உட்கார்ந்தேன். என் பெண் என் கையைப் பிடித்தாள்.

"அது சித்தியோடதும்மா."

"சித்திதான் இல்லையேடி?"

"அண்ணன் சித்திக்காக உருட்டுவான். சித்தி வந்து கேட்கும்ல."

அப்படியே உருட்டினான். இல்லாதவளுக்குக் கட்டை உருட்டி, இல்லாதவளின் காயை நகர்த்தி, இல்லாதவளை ஜெயிக்கவும் வைத்தான். பக்கத்தில் பெற்றவள் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. வேறு சொல் போட்டு மெழுக நான் தயாராக இல்லை. வயிறு எரிந்தது.

என் வீட்டுக்காரரிடம் முறையிட்டேன். வீட்டுக்குள் தாயக்கட்டை உருட்டினால் வீடு விளங்காது, சண்டை வரும் என்று எங்கள் லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை எடுத்துவிட்டேன்.

"அது தாயக்கட்டைக்கு. இது துரை வீட்டுக் கட்டை. இதுக்கு நம்ம சாமிக குத்தமெல்லாம் கெடையாது" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். அவருக்கு மஞ்சள் பறிபோய்விடும் என்ற பயம்.

அடுத்த மாதம் தங்கையை ரோட்டுவரை கொண்டுபோய் விடும்போது நேராகவே சொன்னேன். "இனிமே வரும்போது ஒண்ணும் கொண்டாராத. வெறுங்கையோட வா, போதும்."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு பால் குடிக்கிற பிள்ளை மாதிரி வெகுளியாகச் சிரித்தாள். "எங்கக்கா புள்ளைகளுக்குக் கொண்டாராம வேற யாருக்குக்கா கொண்டுபோவேன்?"

சொன்னது புரியாத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன். சூடு சொரணை இருந்தால்தானே புரியும்.

அந்த வருஷம் துரை தன் இரண்டு பிள்ளைகளையும் படிக்கச் சீமைக்கு அனுப்பினார். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிய என் தங்கை, பங்களாவுக்குப் போகாமல் எங்கள் காம்பராவுக்கு வந்தாள். உட்கார்ந்து அழுதாள். பெற்றவளே இப்படி அழுதிருக்க மாட்டாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், தலையைத் தடவினேன். தடவிக்கொண்டே மனதுக்குள் நினைத்தேன்: அங்கே காலியான மடியை இவள் இங்கே வந்துதானே நிரப்பிக்கொள்ளப் போகிறாள்?

நான் நினைத்தது தப்பவில்லை. பிள்ளைகள் இல்லாத பங்களாவில் ஆயாவுக்கு என்ன வேலை? துரைசாணியின் துணிமணி பார்ப்பதோடு சரி. இவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் லீவு கிடைத்தது. அடுத்த ஞாயிறு ஒரு சாக்கோடு வந்தாள். அடுக்குக் கட்டைகள், சேர்த்து வைத்தால் குதிரைப் படம் வரும் அட்டைத் துண்டுகள், தட்டித் தட்டித் தாவ வைக்கும் தவளைக் காய்கள். என் பிள்ளைகள் இரண்டும் சாக்குக்குள்ளேயே தலையை விட்டன. "சித்தி! சித்தி! சித்தி!" லயத்துக்கே கேட்டது. நான் காலையிலிருந்து அவர்களுக்காக அவல் நனைத்துச் சர்க்கரை போட்டு வைத்திருந்தேன். அதை எறும்பு தின்றது.

அந்தத் தீபாவளிக்கு நானே ஒரு ஆட்டம் வாங்குவது என்று முடிவு கட்டினேன்.

எங்கள் லயங்களில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. தீபாவளி அட்வான்ஸ் கிடைத்தால் ஹட்டனுக்குப் போய்த் துணி எடுப்போம், பலகாரத்துக்குச் சாமான் வாங்குவோம், பிள்ளைகளுக்குப் பட்டாசு. விளையாட்டுச் சாமானைக் காசு கொடுத்து வாங்குகிறவளைப் பைத்தியம் என்பார்கள். ஆண்களெல்லாம் பிரஜாவுரிமை மனுவைப் பற்றிக் கவலையாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நான் நீலக் காயைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் சேலையை அந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவரைத் துணிக்கடையில் நிறுத்தி, ஃபேன்ஸி சாமான் கடைக்குத் தனியாகப் போனேன்.

கடைக்காரர், ஒரு முஸ்லிம் நானா, நல்ல மனிதர். "என்ன தங்கச்சி தேடுறீங்க?"

"புள்ளைகளுக்கு ஆட்டச் சாமான். குடும்பமா உக்காந்து ஆடுறது."

கேரம் பலகையைக் காட்டினார். "எத்தனை பேர் ஆடலாம்?" என்றேன். "ரெண்டு பேரும் ஆடலாம், நாலு பேரும் ஆடலாம்." வேண்டாம் என்றேன். என் பெண்ணின் விரலுக்கு அது எட்டாது, என் தங்கையின் விரலுக்கு நன்றாக எட்டும். பாம்பும் ஏணியும் போட்ட அட்டையை எடுத்தார். "எத்தனை பேர்?" "எத்தனை பேர் வேணும்னாலும் ஆடலாம் தங்கச்சி, அதுதான் இதுல விசேஷம்." அந்த விசேஷமே எனக்கு வேண்டாமே! லூடோவை எடுக்கப் போனார். அதைக் கண்ணாலும் பார்க்க முடியாது என்றேன்.

மனிதர் பெட்டியை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வயசைச் சொல்லிக் கேக்குறவங்க இருக்காங்க. வெலையைச் சொல்லிக் கேக்குறவங்க இருக்காங்க. நீங்க ஆள் கணக்குக் கேக்குறீங்க."

அப்போதுதான் மேல் தட்டில் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். மூடியில் ஒரு படம். மேசையைச் சுற்றி ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண். சரியாக நாலு பேர். நடுவில் அம்மாதான் கட்டையை உருட்டுகிறாள். மற்ற மூன்று பேரும் அவள் கையையே பார்க்கிறார்கள். சுருட்டை முடி வைத்த வெள்ளைக்காரிதான், இருந்தாலும் அம்மா அம்மாதானே. அந்தப் படத்தில் சித்தி இல்லை.

"இது" என்றேன்.

"இதுல சீட்டெல்லாம் இங்கிலீசுல இருக்கும். வீட்ல வாசிக்க ஆள் இருக்கா?"

கட்டை உருட்டி ஆடுகிற ஆட்டத்தில் என்ன பெரிய வாசிப்பு? நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். "எங்க வீட்ல எல்லாரும் வாசிப்பாங்க" என்றேன். அவர் தாளில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அதை யாருடைய கையிலும் கொடுக்கவில்லை.

தீபாவளி அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, கோவிலுக்குப் போய் வந்து, பலகாரம் தின்று, லாம்பு ஏற்றியதும் பெட்டியை எடுத்து நடுவில் வைத்தேன். பிள்ளைகளுக்கு மூச்சே நின்றுவிட்டது. யாரும் ஆடித் தேய்க்காத புதுச் சாமான். ஜாம் கறை இல்லை. காய்கள் முழுசாக இருந்தன. நானே நிறம் பிரித்துக் கொடுத்தேன். நீலத்தை முதலில் எனக்கு எடுத்துக்கொண்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பாதை போகிற வழியில் சில கட்டங்களில் நட்சத்திரம் போட்டிருந்தது. அதில் காய் நின்றால் நடுவிலுள்ள அடுக்கிலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும் என்பது படத்தைப் பார்த்தே புரிந்தது. பையனின் காய் நட்சத்திரத்தில் நின்றது. சீட்டை எடுத்தான். மூலையில் சின்னதாக ஒரு குடைப் படம், கீழே மூன்று வரி இங்கிலீஷ். அப்பாவிடம் கொடுத்தான். அவர் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், என்னிடம் நீட்டினார்.

பையன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னான். "சித்தி வரட்டும். சித்தி வாசிக்கும்."

துரை பிள்ளைகளோடு படப் புத்தகம் பார்த்துப் பார்த்து அவள் இங்கிலீஷ் வாசிக்கப் பழகியிருந்தாள். அது எனக்குத் தெரியாததா? தெரிந்திருந்தும் கடையில் மூளை வேலை செய்யவில்லை. சேலையை விட்டுக்கொடுத்து, எல்லாரும் சிரிக்க, அவளை வெளியே வைக்க நான் வாங்கிய ஆட்டம், அவள் வராமல் ஆட முடியாத ஆட்டமாக இருந்தது. பெண் எழுந்து வாசலுக்குப் போய், சித்தி வருகிறாளா என்று எட்டிக்கூடப் பார்த்தாள்.

"உக்காருடி!" என்று அதட்டினேன். "ஏன், எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு யாரு சொன்னா?"

சீட்டை லாம்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். குடையைப் பார்த்தேன். குடை என்றால் மழை. மழை என்றால் எனக்கு என்ன தெரியுமோ அதை வாசித்தேன்.

"மழையில கொழுந்து கொறஞ்சு போச்சு. இன்னைக்கு அரைப் பேரு. மூணு கட்டம் பின்னால போ."

பையன் வாயைப் பிளந்தான். "அப்படியா போட்டிருக்கு?"

"பின்ன? நானா எழுதினேன்?"

அடுத்தது என் பெண்ணுக்கு. நாய்ப் படம். "பங்களா நாய் தொரத்துது. ஓடு, நாலு கட்டம் முன்னால." அவள் கத்திக்கொண்டே காயை ஓட்டினாள். கடிகாரப் படம் போட்ட சீட்டு வந்தது. எழுந்து நின்று, கங்காணி குரலிலேயே வாசித்தேன். "பெரட்டுக்கு இப்பத்தான் வர்றியா? போ, போ, வீட்டுக்குப் போ! பொறப்பட்ட எடத்துக்கே திரும்பு!" அது என் வீட்டுக்காரருக்கு விழுந்தது. ஜெயிக்கப் போகிற நேரத்தில் முதல் கட்டத்துக்குத் திரும்பினார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் பலகாரம் நின்றுபோகும் என்று அவருக்குத் தெரியும்.

படம் இருந்ததால் பிழைத்தேன். குடைக்கு அரைப் பேர், கடிகாரத்துக்குப் பெரட்டு, மரத்துக்கு அட்டைக்கடி, பெட்டிக்குத் தீபாவளி அட்வான்ஸ் என்று ஒன்றுக்கு ஒன்று மனதில் பதித்து வைத்துக்கொண்டேன். பிறகு தினமும் அதுதான். ரொட்டியைச் சீக்கிரம் சுட்டு முடித்துவிடுவேன். "அம்மா, வாசிக்க வாங்க" என்று கூப்பிடுவார்கள். லூடோப் பலகை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போனது. நானே தள்ளிவிட்டேன்.

அடுத்து வந்த ஞாயிறு தங்கை வந்தாள். அவளை உட்கார வைத்து, நீலத்தை அல்ல, அப்பாவின் மஞ்சளைக் கொடுத்தார்கள். குடைச் சீட்டு அவள் கையில் வந்தது. அவள் இங்கிலீஷை மெதுவாக வாசித்துத் தமிழில் சொன்னாள். "குடையைக் கடையில மறந்து வச்சிட்ட, திரும்பப் போய் எடுத்துட்டு..."

"இல்ல சித்தி!" என்றான் பையன். "தப்பு. மழையில கொழுந்து கொறஞ்சு போச்சு, அரைப் பேரு. மூணு கட்டம் பின்னால."

"இல்லடா, இதுல..."

"அம்மா வாசிச்சாங்க. உங்களுக்குச் சரியா வாசிக்கத் தெரியல சித்தி."

நான் இஸ்தோப்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். கையில் மாவு. அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் சீட்டைப் பார்த்தாள். பிறகு அதே வெகுளிச் சிரிப்பு. "ஆமாடா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அவ்வளவுதான்." மஞ்சளை மூன்று கட்டம் பின்னால் நகர்த்தினாள்.

தன் இங்கிலீஷ் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்கு ரொட்டி ஒன்றுகூடக் கருகவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ராகலையில் ஒரு தோட்டத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் முடிந்து போனாள். அங்கே அவளும் கொழுந்து பறிக்கப் போனாள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். என் பிள்ளைகள் வளர்ந்து, சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று தாங்களே வாசித்துத் தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிற வயதுக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு தைப்பொங்கலுக்கு ராகலைக்குப் போனேன். நுவரெலியாவில் பஸ் மாறுகிற இடத்தில் ஒரு கடையைப் பார்த்தேன். கால் தானாக உள்ளே போனது. வயதுக்கு ஏற்றதா, கிழியாத அட்டையா, காய் விழுங்குகிற அளவுக்குச் சின்னதா என்று நிதானமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். ஆள் கணக்கு மட்டும் கேட்கவில்லை. பாம்பும் ஏணியும் போட்ட பெரிய அட்டையை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் பிள்ளைகள் இரண்டும் என் மேல் ஏறி விழுந்தன. "பெரியம்மா! பெரியம்மா!" எங்கள் காம்பரா மாதிரியே ஒரு காம்பரா, எங்கள் இஸ்தோப்பு மாதிரியே ஓர் இஸ்தோப்பு. தங்கையின் புருஷனும் வந்து உட்கார்ந்தார். நாலு பேரும் ஆடினோம். கூச்சலும் சிரிப்புமாக இருந்தது. நடுவில் ஒரு வாசனை வந்தது. ரொட்டி கருகுகிற வாசனை.

திரும்பிப் பார்த்தேன். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு, மாவை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தாள். பாம்பின் கால் பாம்புக்குத் தெரியும். அந்த முதுகு எனக்கு நன்றாகத் தெரியும்.

மாலையில் பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாள். பஸ் வருகிற சத்தம் கேட்டதும் மெல்லச் சொன்னாள். "அடுத்த தடவ ஒண்ணும் கொண்டாராதக்கா. வெறுங்கையோட வா, போதும்."

எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்துகொண்டே, ஒன்றும் புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன். "என் தங்கச்சி புள்ளைகளுக்குக் கொண்டாராம வேற யாருக்குடி கொண்டுபோவேன்?"

சொல்லி முடித்து பஸ் படியில் கால் வைத்த பிறகுதான் உறைத்தது. இந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தேன்? வார்த்தையையும் அல்லவா அவளிடமிருந்தே எடுத்திருக்கிறேன்! அப்படியென்றால் அன்றைக்கு ரோட்டோரத்தில் அவளுக்கும் எல்லாம் புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டேதான் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் கை நிறையக் கொண்டுவந்திருக்கிறாள். குடைச் சீட்டில் என்ன போட்டிருந்தது என்றும் அவளுக்கு நன்றாகத் தெரியும். போனால் போகிறது என்று எனக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள், கள்ளி. இத்தனை வருஷம் நான் ஜெயித்த ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அவள் போட்ட பிச்சை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பு. நானும் கையை ஆட்டினேன்.

அடுத்த தீபாவளிக்கு இன்னும் பெரிய பெட்டியாக வாங்கிக்கொண்டு போனேன்.